சி.சி.என்.ஏ. பயிற்சிக்கு எந்த ரவுட்டர்? காரைக்குடிப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோ நிறுவனத்தின் தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வு சி.சி.என்.ஏ. 'சி.சி.என்.ஏ. லேப் கிட்' என்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் கட்டாக விற்கப்படும் சிஸ்கோ பெட்டிகளில் பல, இன்று நடக்கும் தேர்வுக்குப் பொருந்தாதவை. 2600 வரிசை ரவுட்டர் மூன்று, 2950 ஸ்விட்ச் இரண்டு, தடிமனான சீரியல் கேபிள்கள் நாலைந்து. மேசையில் அடுக்கி வைத்தால் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சீரியல் கேபிளில் எதைப் பழகுவோமோ அந்தப் பழைய தொலைதூர இணைப்பு முறைகளில் ஃப்ரேம் ரிலே 2016-இலேயே பாடத்திட்டத்தை விட்டுப் போனது, பி.பி.பி. இப்போதைய 200-301 தேர்வு வந்த 2020 பிப்ரவரி 24-ஆம் தேதியோடு போனது. ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற ரவுட்டிங் முறையும் அதனோடு போனது. கிட் விற்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. வாங்குகிற பிள்ளைகளுக்குத்தான் தெரிவதில்லை.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கம் கல்லூரி முடித்த கையோடு நெட்வொர்க் வேலைக்குத் தயாராகும் பையன்களும் பெண்களும் "அண்ணே, எந்த ரவுட்டர் வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் கேட்டு வாங்கும் காசு அது. தேர்வுக் கட்டணமே 300 டாலர். வரியோடு சேர்த்தால் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. அதனால் எந்த மாடல் என்பதற்கு முன்னால், நிஜ ரவுட்டர் நமக்கு எதைக் கற்றுத் தரப்போகிறது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது தீர்ந்தால் மாடலும் எண்ணிக்கையும் தானாக வந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், அதற்கு மேல் வேண்டாம். அதையும் பாதிப் பாடம் முடித்த பிறகு வாங்கினால் போதும். மொத்தச் செலவு தேர்வுக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது.

தேர்வில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஆறு பகுதிகள். நெட்வொர்க் அடிப்படைக்கு 20 சதவீதம், ஸ்விட்ச், ஒரே ஸ்விட்சைப் பல நெட்வொர்க்காகப் பிரிக்கும் வீலேன், வயர்லெஸ் அடங்கிய நெட்வொர்க் அக்சஸுக்கு 20, ரவுட்டிங்குக்கு 25, ஐ.பி. முகவரியை மாற்றும் நேட், முகவரி வழங்கும் டி.ஹெச்.சி.பி., நேரம் ஒத்திசைக்கும் என்.டி.பி. போன்ற சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10. இதில் 25 சதவீத ரவுட்டிங் என்பது நாமே பாதை எழுதும் ஸ்டாட்டிக் ரூட்டும், ரவுட்டர்கள் தமக்குள் பேசிப் பாதை அறியும் ஒற்றை ஏரியா ஓ.எஸ்.பி.எஃப்.பும்தான். ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்றை அதன் இடத்துக்குக் கொண்டுவரும் ஹெச்.எஸ்.ஆர்.பி. போன்றவற்றை எதற்கு என்று விளக்கத் தெரிந்தால் போதும். ஆட்டோமேஷன் பகுதியில் ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிக்கவும் ரெஸ்ட் ஏ.பி.ஐ. என்றால் என்ன என்று புரிந்துகொள்ளவும் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வந்த 1.1 பதிப்பில் பப்பெட், செஃப் என்ற ஆட்டோமேஷன் மென்பொருள்கள் போய் டெராஃபார்ம் வந்தது, செயற்கை நுண்ணறிவு பற்றிய வரிகளும் சேர்ந்தன. இவை எதற்கும் இரும்புப் பெட்டி வேண்டியதில்லை. ஐ.பி.செக் வி.பி.என்.னைக்கூட விளக்கச் சொல்கிறார்களே தவிர அமைக்கச் சொல்வதில்லை.

ஆக, முக்கால்வாசிப் பாடத்தைப் பாக்கெட் டிரேசர் என்ற சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளிலேயே முடிக்கலாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் பதிவு செய்தால் இலவசம், நாலு ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலும் ஓடும். வயர்லெஸ் கன்ட்ரோலரின் இணையப் பக்கத்தைத் திறந்து டபிள்யூ.பி.ஏ.2 என்ற வை-ஃபை பாதுகாப்பை அமைப்பது தேர்வில் இருக்கிறது. அதற்கென்று ஒரு பழைய கன்ட்ரோலரும் அக்சஸ் பாயின்டும் தேடி அலைய வேண்டாம், பாக்கெட் டிரேசரிலேயே கன்ட்ரோலர் இருக்கிறது. அதன் குறை வேறு இடத்தில் வரும். அது சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான நிஜ ஐ.ஓ.எஸ். அல்ல, ஐ.ஓ.எஸ். மாதிரி நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள். கட்டளைகளில் ஒரு பகுதிதான் அதற்குத் தெரியும். உள்ளே நடப்பதைக் காட்டும் டீபக் கட்டளையைப் போட்டால் வரும் விவரமும் குறைவு. ஒரு கட்டளை வேலை செய்யவில்லை என்றால் தவறு நம்முடையதா மென்பொருளுடையதா என்று புரியாமல் ஒரு மாலை முழுக்கப் போகும்.

அந்தக் கட்டத்தில் பலர் ரவுட்டர் வாங்க ஓடுகிறார்கள். அதற்கு முன் இன்னொரு படி உண்டு. சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு 2.8-இலிருந்து கிடைக்கிறது. ஒரே நேரத்தில் ஐந்து கருவிகள் வரை ஓட்டலாம். ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் உரிய நிஜ ஐ.ஓ.எஸ். அதனோடே முறைப்படி வருகிறது. இருபது கருவிகள் ஓட்டும் தனிநபர் பதிப்புக்கு ஆண்டுக்கு 199 டாலர், சி.சி.என்.ஏ.வுக்கு அது தேவையே இல்லை. ஜி.என்.எஸ்.3, ஈவ்-என்.ஜி. இரண்டும் நல்லவைதான், ஆனால் அவற்றுக்கு ஐ.ஓ.எஸ். கோப்பை நாமே கொண்டுவர வேண்டும். இணையத்தில் எங்கோ கிடைக்கும் கோப்பை இறக்குவது உரிமமில்லாத செயல், அதில் யார் கை வைத்தார்கள் என்பதும் தெரியாது. ஜி.என்.எஸ்.3-க்குள் இருக்கும் டைனமிப்ஸ் 3725, 7200 போன்ற பழைய ரவுட்டர்களை அப்படியே போலச் செய்யும். ஸ்விட்சின் சிப்பை அதனால் போலச் செய்ய முடியாது.

இந்த மென்பொருள்களுக்கெல்லாம் ரேம் வேண்டும். லேப்டாப்பில் 8 ஜி.பி. இருந்து, இன்னொரு 8 ஜி.பி. போட இடம் இருந்தால், லேபுக்கென்று செலவழிக்கும் முதல் காசு அதற்குப் போகட்டும். நான் சொல்லும் செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது இதுதான். தேர்வு முடிந்த பிறகும் அது கையில் இருக்கும்.

அப்படியானால் நிஜக் கருவி எதற்கு? வேலைக்கு. தேர்வுக்கு அது கட்டாயமில்லை, ஆனால் வேலையின் முதல் மாதத்தில் கையை நடுங்க வைப்பது அதுதான். கன்சோல் கேபிளைச் செருகி, புட்டி (PuTTY) என்ற மென்பொருளைத் திறந்து, 9600 வேகம், எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று அமைத்தும் திரை கறுப்பாகவே இருக்கும்போது என்ன செய்வது? யாரோ போட்ட பாஸ்வேர்டு தெரியாத ரவுட்டரை ஆன் செய்து, பூட் ஆகும்போதே பிரேக் அடித்து, ஐ.ஓ.எஸ். ஏறும் முன் நிற்கும் ராம்மான் நிலைக்குள் போய், எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ரெஜிஸ்டர் எண்ணை 2142 ஆக்கி, பழைய கான்ஃபிகரேஷனைத் தொடாமல் உள்ளே நுழைந்து, வேலை முடிந்ததும் மறக்காமல் 2102-க்குத் திருப்புவது. பாக்கெட் டிரேசரிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் பிரேக் சமிக்ஞை போகாத யு.எஸ்.பி. கேபிளோடு மல்லுக்கட்டுவது அங்கே வராது. டி.எஃப்.டி.பி. என்ற கோப்பு மாற்று முறை வழியாக ஐ.ஓ.எஸ். ஏற்றும்போது ஃப்ளாஷில் இடம் போதாமல் நிற்பது, ஒரு முனையில் ஃபுல் டூப்ளெக்ஸும் மறுமுனையில் ஹாஃப் டூப்ளெக்ஸும் ஆகிக் கேபிள் நன்றாக இருந்தும் வேகம் செத்துப்போவது, சரியாகக் கிரிம்ப் ஆகாத ஒரு ஆர்.ஜே.45 முனை அரை மணிக்கு ஒருமுறை லிங்கை விடுவது, இவையெல்லாம் பெட்டியும் கேபிளும் கையில் இருந்தால்தான் பழகும்.

நம் பகுதியில் இது இன்னும் நெருக்கமான விஷயம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர் எவ்வளவு தடிமன் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் வைத்த வை-ஃபை, வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக மாற்றும்போது, ஆத்தங்குடித் தளத்தையும் சுண்ணாம்புப் பூச்சையும் உடைக்காமல் கேபிள் இழுத்து, கட்டுக்கு ஒரு அக்சஸ் பாயின்ட் வைக்க வேண்டியிருக்கிறது. கல்லூரிகள், மருத்துவமனைகள், நகைக்கடைகள், வங்கிக் கிளைகள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் டான்ஃபினெட் திட்டமும் இருக்கிறது. சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போக முடியாதவருக்கும் உள்ளூரிலேயே இந்தத் தொழிலில் பிழைப்பு உண்டு. அந்த வேலைகளில் கேபிளும் கன்சோலும் கைக்குப் பழகியவரைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

சரி, எந்த மாடல்? சிஸ்கோவின் கிளை அலுவலக ரவுட்டர்களைத் தலைமுறையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். 2500 வரிசை 1990-களின் சரக்கு. 2501-இல் ஈத்தர்நெட்டுக்கு ஏ.யு.ஐ. போர்ட்தான், சாதாரணக் கேபிளைச் செருகவே தனியாக ஒரு டிரான்சீவர் வேண்டும். 1700, 2600 வரிசைகள் அதற்கு அடுத்தவை. இவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் கரண்டுக்கும் இடத்துக்கும் கேடு.

2004-இல் வந்த தலைமுறையில் 1841, 2801, 2811 இருக்கின்றன. இவற்றுக்கான கடைசி ஐ.ஓ.எஸ். 15.1(4)எம். சி.சி.என்.ஏ.வுக்கு இது போதும் என்று சொல்லலாம். ஆனால் கைக்கு வரும் பெட்டியில் பெரும்பாலும் அதைவிடப் பழைய, குறைந்த வசதியுள்ள ஐ.ஓ.எஸ்.தான் இருக்கும். கோப்பின் பெயரில் கே9 இல்லாவிட்டால், தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். வராது. ஐ.பி.வி.6 இருக்கிறதா என்பதையும் கட்டளை அடித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். புதிய ஐ.ஓ.எஸ். ஏற்ற நினைத்தால் அதை முறைப்படி இறக்கச் சிஸ்கோவோடு ஒப்பந்தம் வேண்டும். ஆகவே பழைய பெட்டியை வாங்கி மேம்படுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பெட்டிக்குள் என்ன ஐ.ஓ.எஸ். இருக்கிறதோ அதற்குத்தான் விலை.

நான் கைகாட்டுவது 2009-இல் வந்த அடுத்த தலைமுறையை: 1941, 2901, 2911. இவற்றின் விற்பனையை 2017 டிசம்பரோடு சிஸ்கோ நிறுத்தியது. ஆதரவும் 2022 இறுதியோடு முடிந்தது. ஆதரவு முடிந்த கருவியைப் பெரிய அலுவலகங்கள் வைத்துக்கொள்ள முடியாது, தணிக்கையில் மாட்டும். அதனால் நல்ல நிலையிலேயே கழித்து அனுப்புகிறார்கள், நமக்குக் கைக்கெட்டும் விலையில் வருகிறது. எல்லா ஈத்தர்நெட் போர்ட்டும் கிகாபிட். 1941-இலும் 2901-இலும் இரண்டு, 2911-இல் மூன்று. ஐ.பி. பேஸ் உரிமம் பெட்டியோடு வருவது, ஓ.எஸ்.பி.எஃப்., நேட், ஏ.சி.எல்., டி.ஹெச்.சி.பி. எல்லாம் அதிலேயே அடங்கும். செக்யூரிட்டி உரிமம் இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

இந்தத் தலைமுறையைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாக்கெட் டிரேசரில் இருக்கும் ரவுட்டர்களில் இதே 1941, 2901, 2911 மூன்றும் உண்டு. இன்டர்ஃபேஸ் பெயரும் ஒன்றே: கிகாபிட்ஈத்தர்நெட் 0/0. இரவு திரையில் செய்த லேபின் கான்ஃபிகரேஷனை எடிட்டரில் ஒட்டி, மறுநாள் ஒரு எழுத்தும் மாற்றாமல் நிஜ ரவுட்டரில் ஏற்றலாம். எங்கே இரண்டும் வேறுபட்டு நடக்கின்றன என்று பார்ப்பதே பெரிய பாடம். 1841-இல் அது ஃபாஸ்ட்ஈத்தர்நெட் 0/0 ஆகிவிடும், 4321-இல் கிகாபிட்ஈத்தர்நெட் 0/0/0 ஆகிவிடும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் தொடக்கத்தில் இருப்பவரை அதுவே தடுமாற வைக்கும்.

4000 வரிசை பற்றியும் கேட்பார்கள். 4321, 4331 எல்லாம் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. ஓடும் நல்ல கருவிகள். அடுத்த நிலையான சி.சி.என்.பி. வரை போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் யோசிக்கலாம். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஒரு ஆபத்து உண்டு. 2017 பிப்ரவரியில் சிஸ்கோ தன் கருவிகள் சிலவற்றில் கடிகாரச் சமிக்ஞை தரும் ஒரு பாகம் காலப்போக்கில் செத்துவிடும் என்று அறிவித்தது. அது செத்தால் பெட்டி அப்புறம் பூட் ஆகாது, சரி செய்யவும் முடியாது. 4321, 4331, 4351 மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2016 நவம்பர் நடுவுக்கு முன் தயாரானவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

எப்போது தயாரானது என்பதைச் சிஸ்கோவின் சீரியல் எண்ணே சொல்லிவிடும். பதினோரு எழுத்து எண்ணில் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள் தயாரான இடத்தைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கத்தோடு 1996-ஐக் கூட்டினால் ஆண்டு. அதற்கடுத்த இரண்டும் வாரம். மூன்று எழுத்துக்குப் பின் 1523 என்று இருந்தால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 2046-க்கு மேல் இருக்கும் 4331-ஐ மட்டும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஸ்விட்சுக்கு வருவோம். ரவுட்டர் ரவுட்டர் என்று எல்லாரும் பேசுகிறார்கள், நிஜக் கருவியில் பழக வேண்டியதில் பெரும்பங்கு ஸ்விட்சில் இருக்கிறது. வீலேன், டிரங்க், ரேபிட் ஸ்பானிங் ட்ரீ, ஈத்தர்சேனல், போர்ட் செக்யூரிட்டி, டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங், ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்ஷன் எல்லாம் அங்கேதான். 2950 வேண்டாம். 2960 ஒன்றும் 3560 ஒன்றும் போதும். 2960 வாங்கும்போது மாடல் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். எல் என்று முடிந்தால் லேன் பேஸ், எஸ் என்று முடிந்தால் லேன் லைட். லேன் லைட்டில் வசதிகள் வெட்டப்பட்டிருக்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விற்பவரும் இதைச் சொல்ல மாட்டார். 3560 எதற்கு என்றால், தேர்வில் லேயர் 3 ஈத்தர்சேனல் இருக்கிறது, 2960-இல் ஒரு போர்ட்டை ரவுட்டட் போர்ட்டாக மாற்ற முடியாது. அறைக்குள்ளேயே வைத்துப் படிப்பவர்களுக்கு எட்டு போர்ட் 2960 நல்லது. விசிறி கிடையாது, சத்தமே வராது.

ஏன் இரண்டே ரவுட்டர்? ஓ.எஸ்.பி.எஃப். அண்டை உறவு உருவாவதைப் பார்க்க இரண்டு போதும். ஹலோ டைமரை மாற்றி உடைக்கலாம், பாக்கெட்டின் உச்ச அளவான எம்.டி.யு.வை மாற்றி, உறவு முழுமையாகாமல் எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் நிற்க வைக்கலாம், டீபக் போட்டு ஏன் நின்றது என்று வரிவரியாகப் படிக்கலாம். மூன்றாவது ரவுட்டர் வேண்டிய இடம், ரவுட்டர்கள் தமக்குள் தலைமையையும் துணையையும் (டி.ஆர்., பி.டி.ஆர்.) தேர்ந்தெடுப்பது, அதை மாடலிங் லேப்ஸின் ஐந்து கருவிக்குள் தாராளமாகச் செய்யலாம். கூட்டம் கூட்டமாக ரவுட்டர் தேவைப்படுவது சி.சி.என்.ஏ.வுக்கு மேற்பட்ட தேர்வுகளில். அங்கே எல்லாரும் மென்பொருளுக்குத்தான் போய்விட்டார்கள்.

எங்கே வாங்குவது? இணையத்தில் புகைப்படம் பார்த்து வாங்குவதைவிட நேரில் போவதே மேல். பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூரில் இறங்கி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போய்விடலாம். கடைக்கு லேப்டாப்பையும் கன்சோல் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விவரம் தெரிந்தவர்கள் பெட்டியின் பாலிஷைப் பார்த்து ஏமாறாமல், திருப்பிப் போட்டு அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துப் பர்மா தேக்கா என்று முடிவு செய்வார்களே, அதே பொறுமை இங்கேயும் வேண்டும். ஆன் செய்து பூட் ஆவதை முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். ஷோ வெர்ஷன் அடித்து ஐ.ஓ.எஸ். பெயர், ரேம் அளவு, கடைசி வரியில் கான்ஃபிக் ரெஜிஸ்டர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 2142 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், யாரோ பாஸ்வேர்டு எடுத்துவிட்டுத் திருப்ப மறந்திருக்கிறார். திருப்பாவிட்டால் நீங்கள் சேமித்ததெல்லாம் அடுத்த பூட்டில் காணாமல் போகும். ஷோ இன்வென்டரி காட்டும் சீரியல் எண்ணும் பெட்டியின் அடியில் ஒட்டிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள், போலிச் சரக்கும் புழங்குகிறது. ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிள் செருகி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கன்சோல் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான யு.எஸ்.பி.-சீரியல் கேபிள்களில் போலி ப்ரோலிஃபிக் சிப் இருக்கும். புதிய விண்டோஸில் டிரைவர் அதை ஏற்காது. எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 1941 தலைமுறையில் மினி யு.எஸ்.பி. கன்சோலும் இருக்கிறது, ஆனால் வெளியே வேலைக்குப் போகும் இடங்களில் நீல நிற ஆர்.ஜே.45 கேபிள்தான் பெரும்பாலும் காப்பாற்றும்.

பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு நம் ஊருக்கே உரிய பிரச்சினைகள் ஆரம்பிக்கும். முதலில் எர்த். பழைய வீடுகளில் மரப்பட்டையில் ஓடும் வயரிங் இன்னும் இருக்கிறது. மூன்று முனை சாக்கெட் இருந்தாலும் மூன்றாவது முனைக்கு எர்த் வந்திருக்கிறதா என்பது சந்தேகம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை சோதித்த பிறகு செருகுங்கள். உலோகப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு வேலை செய்யப்போகிறோம், அதனால் இதில் அலட்சியம் கூடாது. பவர் கார்டு சாதாரண டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குப் போடுவதே பொருந்தும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கார்டை மட்டும் மாற்றினால் போதும், பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தானாக ஏற்றுக்கொள்ளும்.

இந்த ரவுட்டர்கள் 40 டிகிரி வரை ஓடும் என்று சிஸ்கோ சொல்கிறது. சித்திரை, வைகாசியில் நம் பகுதி வெயில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். மேல்மாடித் தகர அறையிலோ கான்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழேயோ லேப் வைத்தால் அந்த மாதங்களில் ஓட்ட முடியாது. பழைய வீட்டில் பட்டாலையை ஒட்டிய உள்ளறை ஒன்று கிடைத்தால் அதைவிடக் குளிர்ச்சியான இடம் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள், பக்கவாட்டுத் துளைகளைச் சுவரோடு ஒட்டாதீர்கள். கோடை மழையிலும் ஐப்பசி இடியிலும் பிளக்கைப் பிடுங்குவதோடு நிற்காமல், வீட்டு இணைய இணைப்பிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போர்ட்டைச் சுடும்.

கரண்ட் செலவைக் கண்டு வீட்டில் பயப்படுவார்கள், கணக்கைக் காட்டிவிடுங்கள். 1941-க்குச் சாதாரணமாக 35 வாட். 2911-க்கு 50 வாட், விசிறிச் சத்தமும் கூட. இரண்டு 1941-உம் இரண்டு ஸ்விட்சும் சேர்த்து 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நாலு மணி நேரம் ஓட்டினால் 0.6 யூனிட். ஈ.பி. கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே ஒரு ஸ்லாபின் விளிம்பில் இருந்தால் இந்த 36 அதைத் தாண்ட வைக்கும், கடந்த பில்களை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் சேமிக்காத கான்ஃபிகரேஷன் போய்விடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதை யு.பி.எஸ். நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் மாறும் அந்த ஒரு நொடிக்குள் ரவுட்டர் ரீபூட் ஆகிவிடும். இன்வெர்ட்டரே இல்லாதவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் ரைட் மெமரி அடிக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கம் வேலையில் கைகொடுக்கும்.

எல்லாரும் சிஸ்கோதான் படிக்க வேண்டுமா என்றால், இல்லை. உள்ளூர் கேபிள் இணைய நிறுவனங்களில் சேரும் எண்ணம் இருந்தால் மைக்ரோடிக்கின் எம்.டி.சி.என்.ஏ. சான்றிதழ் நல்ல வழி. லாட்வியா நாட்டு நிறுவனம் அது. சிறிய இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளரை இணைக்கும் பி.பி.பி.ஓ.ஈ. முறைக்கு அந்தப் பெட்டிகளைத்தான் அதிகம் பயன்படுத்துகின்றன. அதன் சிறிய ரவுட்டரைப் புதிதாகவே வாங்கலாம், ரவுட்டர் ஓ.எஸ். முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும், செகண்ட் ஹேண்டு கவலை எதுவும் இல்லை. இன்னொரு நிறுவனமான ஜூனிப்பரைப் படிப்பவர்களுக்கு வி.ஜூனோஸ் என்ற மென்பொருள் ரவுட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, பெட்டி வாங்கவே வேண்டாம். லினக்ஸ் தெரிந்தவர்கள் பழைய கம்ப்யூட்டரில் எஃப்.ஆர்.ரவுட்டிங் என்ற மென்பொருளைப் போட்டுச் சிஸ்கோ ரவுட்டரோடு ஓ.எஸ்.பி.எஃப். பேச வைக்கலாம், அதன் கட்டளைகளும் சிஸ்கோ போலவே இருக்கும்.

கடைசியாக, தனியாளாக வாங்குவதைவிட நாலு பேர் சேர்ந்து வாங்குவது பற்றி. நான் இதைத்தான் வற்புறுத்துவேன். ஒரே கல்லூரியில், ஒரே தெருவில் படிக்கும் நாலு பேருக்கு நாலு லேப் தேவையில்லை. ஒருவர் வீட்டில் வைத்து, மற்றவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே நுழையலாம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் யு.எஸ்.பி. ஹப் வைத்து, நாலு கருவிக்கும் ஒவ்வொரு சீரியல் கேபிள் போட்டால் நாலு கன்சோலும் கிடைத்துவிடும். மொபைல் இணைப்பிலும் பல பிராட்பேண்டுகளிலும் நமக்கென்று தனிப் பொது ஐ.பி. முகவரி கிடைப்பதில்லை, அதனால் போர்ட் ஃபார்வர்டிங் நடக்காது. வயர்கார்டு போன்ற வி.பி.என். ஒன்றை அமைத்துக்கொள்வதே சரியான வழி. பொது ஐ.பி. கிடைத்தாலும் இந்தக் கருவிகளை நேராக இணையத்தில் திறந்துவைக்காதீர்கள். ஆதரவு முடிந்த ஐ.ஓ.எஸ்.ஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை. 2960-இல் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கும், டி.சி.பி. 4786 போர்ட்டில் காத்திருக்கும் அதன் வழியாக வெளியாள் கான்ஃபிகரேஷனையே எடுத்துப்போக முடியும். ஸ்விட்சை முதன்முதலாக ஆன் செய்ததும் நோ விஸ்டாக் (no vstack) என்று அடித்து அதை நிறுத்தி, ரைட் மெமரி போட்டுவிட்டு, அப்புறம் வீட்டு நெட்வொர்க்கில் செருகுங்கள்.